சிவில் மேட்டர்

காவல் நிலையத்துப் படி ஏறுகிற சேரிக்காரனுக்குக் கிடைக்கிற முதல் தீர்ப்பு இரண்டே சொல்தான். ‘சிவில் மேட்டரு.’ அதற்குப் பின்னால் ஒரு வால்: ‘கோர்ட்டுல போயிப் பாத்துக்க.’ எப்.ஐ.ஆர். இல்லை, மனு ரசீது இல்லை, வந்து பார்க்க ஒரு ஏட்டு இல்லை. கொடுத்த மனு மேசைக்கு அடியில் போகும். கொடுத்தவன் வீடு போய்ச் சேருவதற்குள் எதிராளி நிலத்தில் நாலு சால் உழவு ஓட்டியிருப்பான்.

திங்கட்கிழமை மனுநாளில் திண்டுக்கல் கலெக்டர் ஆபீசு வாசலில் குந்தி மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். பதினாலு வருசமாகிறது. காசுக்கு எழுதுகிற ஆள் இல்லை, இயக்க வேலை. ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், சாணார்பட்டி, ரெட்டியார்சத்திரம் என்று நாலா பக்கத்திலிருந்தும் நம்ம சனம் பஸ் ஏறி வரும். பட்டா, வாரிசு, வட்டி, ஆஸ்பத்திரி, சீவனாம்சம், முதியோர் பென்சன். நாம் சுவரொட்டி ஒட்டுகிற சங்கதி எப்போதாவது ஒன்று வரும். மிச்சமெல்லாம் இதுதான். இதற்கெல்லாம் அரசு வைத்திருக்கிற பொதுப்பேர் ‘சிவில் மேட்டர்’. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நம்ம இயக்கங்களும் அதே பேரைத்தான் வைத்திருக்கின்றன. இந்த இரண்டு சொல்லைத்தான் நான் இங்கே கூண்டில் ஏற்றுகிறேன்.

1. யாருக்குச் சிவில், யாருக்குக் கிரிமினல்?

நம்ம நிலத்தில் அவன் கல் ஊன்றினால் சிவில். அந்தக் கல்லை நாம் பிடுங்கினால் கிரிமினல். நம்ம வண்டிப்பாதையை அவன் வேலி போட்டு அடைத்தால் சிவில். வேலியைத் தாண்டிப் பிணம் கொண்டுபோனால் அத்துமீறல் வழக்கு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 447 என்று எழுதினான், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 329 என்று எழுதுகிறான். நம்பர் மாறியது, கை மாறவில்லை.

சட்டம் அப்படியா சொல்கிறது? இல்லை தோழர்களே. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த நாளிலிருந்தே தாழ்த்தப்பட்டவரின் நிலத்தை அநியாயமாக அபகரிப்பது, பயிர் வைப்பது, அனுபவத்திலிருந்து வெளியேற்றுவது எல்லாமே வன்கொடுமைதான். 2015இல் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வாசகத்தில் இது 3(1)(எஃப்), 3(1)(ஜி) என்ற உட்பிரிவுகளாக இருக்கிறது. ‘அநியாயமாக’ என்றால் என்ன என்பதற்கும் அங்கேயே விளக்கம் இருக்கிறது. விருப்பத்துக்கு மாறாக, சம்மதம் இல்லாமல், அல்லது உயிருக்கும் உடம்புக்கும் பயம் காட்டி வாங்கிய சம்மதத்தோடு, அல்லது நிலத்தின் ஆவணங்களைப் பொய்யாகப் புனைந்து. கடைசி வரியை இன்னொரு தரம் படியுங்கள். பொய்ப் பத்திரம் என்பது சிவில் கோர்ட்டில் இருபது வருசம் நடக்க வேண்டிய சங்கதி மட்டுமல்ல. நம்ம நிலத்துக்குப் பொய்ப் பத்திரம் போட்டு நம்மை இறக்கிவிட்டால் அது வன்கொடுமை.

இதைச் சொன்னால் கொஞ்சம் படித்த இன்ஸ்பெக்டர் 2020 நவம்பர் 5ஆம் தேதி ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துப் போடுவார். பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்டவர் என்பதாலேயே ஒரு சொத்துத் தகராறு வன்கொடுமை ஆகிவிடாது என்கிறது அந்தத் தீர்ப்பு. சரி. அந்த வழக்கின் மையம் என்ன? வீட்டு நான்கு சுவருக்குள்ளே சாதி சொல்லித் திட்டினது பொது இடத்தில் நடந்ததாகுமா என்பது. அதை எடுத்துக்கொண்டு வந்து, நிலத்தைப் பறிப்பதையே குற்றமாக்கிய உட்பிரிவின் வாயை அடைக்கிறார்கள். அநியாயமாக இறக்கிவிட்டானா இல்லையா என்பது விசாரித்துத் தெரிய வேண்டிய சங்கதி. விசாரிக்காமலே ‘சிவில்’ என்று எழுதுகிற அதிகாரத்தை எந்தத் தீர்ப்பும் ஏட்டுக்குக் கொடுக்கவில்லை. பிடியாணை வேண்டாக் குற்றம் என்று மனுவில் தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே தீர வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். வன்கொடுமை வழக்கில் முன்விசாரணையே தேவையில்லை என்று 2018இல் 18ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அந்தத் திருத்தம் சும்மா வரவில்லை. ஏப்ரல் 2 பாரத் பந்தில் வடநாட்டில் நம்ம ஆட்கள் சுடப்பட்டுச் செத்த பிறகு வந்தது.

2. நிலம் எப்படிப் போகிறது?

ஒரே நாளில் அடித்துப் பிடுங்குகிற கதை சினிமாவில். நம்ம ஊரில் நிலம் ஆஸ்பத்திரி வழியாகப் போகிறது.

நான் எழுதிய மனு ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். மேட்டாங்காடு ஒண்ணேகால் ஏக்கர். தாத்தா காலத்துக் கண்டிசன் பட்டா. தகப்பனாருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னார்கள். ஊர்த்தெருக்காரர் ஒருவர் மறுப்பே சொல்லாமல் பணம் கொடுத்தார். ‘காசுக்கென்ன, காட்டை ஒத்திக்கு விடு, முடிஞ்சப்பத் திருப்பிக்க’ என்றார். இருபது ரூபாய் முத்திரைத்தாளில், எழுதாத பக்கத்தில், தகப்பனார் கைநாட்டு. தகப்பனார் பிழைக்கவில்லை. மகன்கள் மூன்று பேரும் திருப்பூருக்குப் போனார்கள். எட்டு வருசம் கழித்துப் பணத்தோடு வந்து கேட்டால், ‘ஒத்தியா? உங்க அய்யா கிரயமில்ல கொடுத்தாரு’ என்று பத்திரத்தைக் காட்டுகிறார். பட்டாவும் அவர் பேருக்கு மாறியிருக்கிறது. இப்போது சொல்லுங்கள். இது நோய்ப் பிரச்சினையா, கடன் பிரச்சினையா, குடும்பப் பிரச்சினையா, நிலப் பிரச்சினையா? நான்கும் ஒரே கயிறு. நான்கு ஆபீசில் நான்கு மேசை போட்டு அறுத்துக் கொடுக்கிறது அரசு. ஒவ்வொரு மேசையிலும் ‘இது இங்க இல்ல’.

அந்தக் கண்டிசன் பட்டாவின் கதை என்ன? 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமன்கீர் நம்ம சனத்தின் நிலைமையைப் பார்த்து அறிக்கை எழுதினார். நிலமில்லாதவரை அடிமையிலிருந்து மீட்க நிலம் கொடு என்றார். 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010, 1010ஏ என்ற வருவாய்த்துறை ஆணைகள் வந்தன. பஞ்சமி நிலம் பிறந்தது அப்படி. நிபந்தனை தெளிவானது. முதல் பத்து வருசம் யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது, அரசு எடுத்து மறுபடி நம்ம ஆட்களுக்கே கொடுக்கலாம். இன்றைக்கும் வருவாய் நிலை ஆணை 15இல் இந்த நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது. 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிற கணக்கு. அதில் எத்தனை ஏக்கர் இன்று நம் அனுபவத்தில் இருக்கிறது? 1980களில் நடந்த யூ.டி.ஆர். அளவையில், அனுபவத்தில் இருந்தவன் பேரைப் பட்டாவில் ஏற்றினான். அனுபவத்தில் யார் இருந்தான்? ஒத்திக்காரன் இருந்தான்.

1994 அக்டோபர் 10ஆம் தேதி காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் மாண்டார்கள். அவர்கள் கேட்டதும் ‘சிவில் மேட்டர்’தான். சிவில் மேட்டருக்குத் துப்பாக்கி எதற்கு வந்தது?

பக்கத்துக் கர்நாடகத்தில் 1978லேயே தனிச்சட்டம் போட்டார்கள். தாழ்த்தப்பட்டவருக்கும் பழங்குடியினருக்கும் வழங்கிய நிலத்தை விற்றது செல்லாது, திருப்பிக் கொடு என்று. நிலத்தை வாங்கிய ஆட்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. நாற்பது வருசம் தாண்டிவிட்டது. பெரியார் மண், சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிற தமிழ்நாட்டில் அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. ஆணையை வைத்துக்கொண்டே ஏறத்தாழ அறுபது வருசம் ஆண்டுவிட்டார்கள் இரண்டு கழகமும். ஏன் என்று கேட்டால் பதில் வராது. நிலத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பதில் வரும்.

3. கெணத்துக்கும் பட்டா

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போனது. தோலுக்கும் பேர் போனது. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிக் காலும் கையும் வெந்தவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் நாறும், தொட்டவன் சாதி கெடும், ஆனால் காசு மட்டும் நாறாது.

1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம்ம மாவட்டத்துக்கு அப்போது திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்று பேர். அந்தப் பேரும் தீர்ப்பில் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கணக்கெடுத்தது. குடிக்கவும் பாயவும் இருந்த 467 கிணற்றில் 350 கெட்டுப் போயிருந்தது. தண்ணீருக்காகப் பெண்களும் பிள்ளைகளும் மைல்கணக்கில் நடக்கிறார்கள் என்றும் அதே தீர்ப்பு எழுதியது. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவு என்றும் சொன்னது. கெடுத்தவனே கட்ட வேண்டும் என்ற நெறி இந்த நாட்டின் சட்டம்தான் என்று முழங்கியது. ஒவ்வொரு தோல் ஷாப்பும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்டு என்றது. பாதிக்கப்பட்ட தனிநபர்களையும் குடும்பங்களையும் அடையாளம் கண்டு இழப்பீடு போட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது.

‘தனிநபர்கள், குடும்பங்கள்’ என்றுதான் தீர்ப்பில் இருந்தது. ‘பட்டாதாரர்கள்’ என்று இல்லை. ஆனால் வேலூரில் அந்த ஆணையம் 2001இல் கொடுத்த கணக்கைப் பாருங்கள். 29,193 பேர், 15,164 ஹெக்டேர். கணக்கு ஹெக்டேரில் வந்தது. நிலம் கெட்டவனுக்குத்தான் நட்டம் என்று கணக்கு சொல்கிறது. அந்தப் பணமும் முழுசாகப் போய்ச் சேராமல், 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் ‘கொடு’ என்று சொல்ல வேண்டி வந்தது.

இழப்பீடு ஹெக்டேரில் அளக்கப்படும் நாட்டில் நிலமே இல்லாதவனின் நட்டம் எதில் அளக்கப்படும்? அதே தண்ணீரைக் குடித்தவன், அதே காட்டில் களையெடுத்துப் பிழைத்து வேலை போனவன், தொட்டிக்குள் நின்றவன், அவன் எந்த ஹெக்டேரில் வருவான்? சேரிக்குக் கிணறு தனி என்று ஒதுக்கி வைத்தானே, அந்தக் கிணறு புறம்போக்கில் இருந்தது. புறம்போக்குக் கிணறு கெட்டால் நட்டம் யாருக்கும் இல்லை. உடம்பு கெட்டால் காகிதம் வேண்டும், காகிதத்துக்கு நிலம் வேண்டும், நிலமோ ஆஸ்பத்திரி வழியாகப் போய்விட்டது. பார்த்தீர்களா, கயிறு எங்கே சுற்றி எங்கே வந்து நிற்கிறது?

மலக்குழிச் சாவிலும் இதேதான். 2014இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபர் 20ஆம் தேதி அதை முப்பது லட்சமாக்கியது. செத்தவன் குடும்பம் அதை வாங்க வேண்டுமானால் முதலில் வாரிசுச் சான்று வேண்டும். அதற்குப் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாவற்றுக்கும் அத்தாட்சி வேண்டும். முறையாகக் கல்யாணம் பதிவு செய்து, ரேசன் கார்டில் பேர் சேர்த்து, அதற்கப்புறமா நம்ம ஆள் குழிக்குள் இறங்குகிறான்?

4. வட்டி

2017 அக்டோபர் 23 ஒரு திங்கட்கிழமை. மனுநாள். நெல்லைக் கலெக்டர் ஆபீசு வளாகத்தில் ஒரு கூலித்தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண்குழந்தைகளோடும் தீக்குளித்து மாண்டார். கந்துவட்டி. முன்பே பல தரம் மனு கொடுத்தவர். கந்துவட்டித் தடைச்சட்டம் 2003லேயே வந்துவிட்டது. சட்டம் பதினாலு வருசமாக இருந்தது, மனு இருந்தது, ஆபீசு இருந்தது. அந்த ஆபீசு வாசலில்தான் அவர்கள் எரிந்தார்கள்.

இன்றைக்கு வட்டிக்காரன் சேரிக்குப் புல்லட்டில் மட்டும் வருவதில்லை, டை கட்டிக்கொண்டும் வருகிறான். குழுக்கடன். பத்துப் பெண்கள், ஒருத்தி கட்டாவிட்டால் ஒன்பது பேர் அவள் வாசலில் உட்கார வேண்டும். சேரிப் பெண்ணை வைத்தே சேரிப் பெண்ணை அவமானப்படுத்துகிற தந்திரம். வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இருக்கட்டும். 2003ஆம் வருசத்துச் சட்டத்தின் கதைதான் இதற்குமா என்பது நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நம்ம சனத்துக்குத் தெரியாத இரண்டு சங்கதியைச் சொல்லி வைக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். தகப்பன் கடனுக்கு மகன் பொறுப்பு என்பது ஊர் வழக்கம், சட்டம் அல்ல. செத்தவர் விட்டுப்போன சொத்து எவ்வளவு கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. ஒன்றும் விட்டுப் போகவில்லையென்றால் ஒன்றும் இல்லை. இரண்டாவது, பதிவு செய்த சுவாதீன ஒத்தியில் முப்பது வருசம் ஆகிவிட்டது, நிலம் எனக்கே என்று சொல்ல முடியாது. பணத்தைக் கட்டி நிலத்தை மீட்கிற உரிமை வெறும் வருசக்கணக்கால் சாகாது என்று 2014இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த இரண்டு வரி தெரியாததால் எத்தனை பேர் திருப்பூர் பஸ் ஏறினார்கள்!

5. நம்ம வீட்டு விடுதலைப் பத்திரம்

இதுவரைக்கும் கைதட்டினீர்கள் தோழர்களே. இனிமேல் முகம் சுளிப்பீர்கள்.

விடுதலை என்ற சொல்லை நாம் கொடியில் எழுதியிருக்கிறோம். பத்திர ஆபீசில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். அக்கா தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய், சீலை ஒன்று எடுத்துக் கொடுத்து, ‘எனக்கு எங்க அப்பா சொத்தில் பங்கு வேண்டாம்’ என்று எழுதி வாங்குகிறானே, அதற்குப் பேர் விடுதலைப் பத்திரம். ஒரு செண்டு வீட்டு மனைக்கும் அரை ஏக்கர் காட்டுக்கும் இதை நம்ம ஆட்களே செய்கிறார்கள். சாதிக்காரன் நம்மை நிலத்திலிருந்து இறக்கினால் வன்கொடுமை, நாம் நம்ம தங்கச்சியை இறக்கினால் குடும்ப வழக்கமா?

அப்பா தானாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது 1956 முதல் இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989இல் திருத்தியது. அந்த வருசம் மார்ச் 25க்கு முன்பு கல்யாணமானவளை மட்டும் ஒதுக்கியது. 2005இல் மத்தியச் சட்டம் அந்த ஒதுக்கலையும் நீக்கியது. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11ஆம் தேதி வினிதா சர்மா வழக்கில் தீர்ப்பானது. கிறித்தவர்களான நம்ம சனத்துக்கு 1925ஆம் வருசத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாவிட்டால் அதிலும் மகனும் மகளும் சமம். கோயிலுக்குப் போனாலும் மாதா கோயிலுக்குப் போனாலும் பங்கு பங்குதான்.

அண்ணல் அம்பேத்கர் 1951 செப்டம்பர் 27ஆம் தேதி சட்ட அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கைவிட்டதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த மசோதாவில் என்ன இருந்தது? கல்யாணம், மணமுறிவு, தத்து, மகளுக்குப் பங்கு. நம்ம பாசையில் சொன்னால் சிவில் மேட்டர். சிவில் மேட்டருக்காக மந்திரி பதவியை விட்டவரின் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு, தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்காதே.

6. ‘இது வக்கீல் வேலை தோழர்’

நம்ம இயக்கக் கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு பதில் வரும். ஒன்று, ‘இது வக்கீல் வேலை தோழர், அரசியல் இல்லை.’ இன்னொன்று கொஞ்சம் கனமாக வரும். ‘சட்டமே ஆதிக்கச் சாதியின் ஆயுதம். அதன் வாசலில் மனுவோடு நிற்பது சீர்திருத்தவாதம்.’

முதல் பதிலுக்கு அம்பேத்கரே பதில். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகர் வத்தன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். 1937இல் கோட்டி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். நிலம், ஊழியம், கூலி. இதெல்லாம் அரசியல் இல்லை என்றால் எது அரசியல்?

இரண்டாவது பதிலில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்து. சட்டம் அவன் கையில் இருக்கிறது, சரி. அதனால் நாம் காகிதத்தைத் தொடக்கூடாது என்றால், காகிதத்தை யார் தொடுவான்? புரோக்கர் தொடுவான். ஒவ்வொரு தாலுகா ஆபீசு வாசலிலும் பாருங்கள். நாம் விட்ட இடத்தில் அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். வாரிசுச் சான்றுக்கு ஒரு ரேட், பட்டா மாறுதலுக்கு ஒரு ரேட். கொலை விழுந்தால் நாம் போகிறோம். கொலை விழுகிற வரைக்கும் அந்தக் குடும்பத்தோடு இருப்பவன் புரோக்கரும் வட்டிக்காரனும்தான். நாளைக்கு ஓட்டு யாருக்கு என்று அவன் சொல்வதா, நாம் சொல்வதா?

காகிதம் நம்ம கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்ம மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 2021 ஜனவரியில் நம் மாவட்டத்தில் ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் பிணமாகக் கிடந்தார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தனியாளின் காதல் தகராறு என்று மூடிவிட எத்தனை நேரம் ஆகும்? தலித் பெண்கள் முன்நின்று நடத்துகிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதை மூடவிடவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து, துணி வாங்குகிற எச் அண்ட் எம் வரைக்கும் இழுத்தது. 2022 ஏப்ரலில் கையெழுத்தானது ஓர் ஒப்பந்தம். உலகம் முழுக்க அதற்குப் பேர் திண்டுக்கல் ஒப்பந்தம். பாலியல் வன்முறையும் சாதிப் பாகுபாடும் கூடாது, தொழிலாளிப் பெண்களே கண்காணிப்பாளர்கள், மீறினால் வியாபாரமே போகும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு அது கவசமானது. அது என்ன? புரட்சியா? இல்லை. ஒரு காகிதம். பின்னால் சங்கம் நின்றதால் அந்தக் காகிதத்துக்குப் பல் முளைத்தது. முதலாளியே எழுதிய காகிதமாக இருந்தால் அது ‘சுமங்கலி திட்டம்’ என்று பேர் வைத்து மூன்று வருசம் பெண்ணை மில் விடுதியில் பூட்டும்.

ஆகவே சட்டமா போராட்டமா என்பது பொய்க் கேள்வி. போராட்டம் இல்லாத காகிதம் செல்லாது. காகிதம் இல்லாத போராட்டம் அடுத்த தலைமுறையில் அனுபவத்தை இழக்கும். காரணை நிலத்துக்காக ரத்தம் சிந்தியவர்கள் கையில் ஓர் அரசாணை இருந்தது என்பதை மறக்காதீர்கள்.

7. என்ன செய்யலாம்?

ஒவ்வொரு சேரியிலும் ஒரு நோட்டு போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். எந்த வீடு எந்தப் பட்டாவில், யார் பேரில், எது ஒத்தியில், யார் செத்தார், இறப்பு பதிந்ததா, வாரிசு வாங்கினதா. படிக்கிற பிள்ளைகள் லீவு நாளில் செய்கிற வேலை. யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டையும் இப்போதைய ‘அ’ பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எங்கே பேர் மாறியது என்று தெரியும். அதுதான் நம்ம நில மீட்புப் போராட்டத்தின் முதல் துண்டறிக்கை.

வக்கீலுக்குக் காசில்லை என்ற பேச்சை விடுங்கள். 1987ஆம் வருசத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவில், தாழ்த்தப்பட்டவருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்றத்திலேயே ஆபீசு. கொடுக்கிற வக்கீல் சரியில்லையென்றால் மாற்றச் சொல்லிக் கூட்டமாகப் போய்க் கேளுங்கள். தனியாளாகப் போனால் அது தர்மம், கூட்டமாகப் போனால் அது உரிமை. ஆனால் லோக் அதாலத்தில் ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று கூப்பிட்டால் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே ஆன தீர்வுக்கு அப்பீல் கிடையாது.

ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டுமென்று எவன் வந்தாலும் எழுதாத முத்திரைத்தாளில் கைநாட்டு வைக்க விடாதீர்கள். அந்த நேரத்துக்கு ஓடிவர ஒரு சேரிநிதி வையுங்கள். கொடிக்கம்பத்துக்கும் கட்-அவுட்டுக்கும் பிரித்த பணத்தில் பாதி போதும்.

அரசிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கர்நாடகம் 1978இல் செய்ததை இங்கே செய். பஞ்சமி நிலத்துக்கும் கண்டிசன் பட்டாவுக்கும் தனிச்சட்டம் போடு. விற்றது செல்லாது என்று ஒரு வரியில் எழுது, மீட்டுக் கொடுக்கிற பொறுப்பைக் கலெக்டர் தலையில் வை. ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சி சேரிக்குள் வந்தாலும் இந்த ஒரு வரியைக் கேளுங்கள். நம்ம கட்சி என்றாலும் கேளுங்கள்.

காவல் நிலையத்தில் மறுபடியும் அந்த இரண்டு சொல்லைச் சொல்வான். அப்போது யாரும் தனியாகப் போகாதீர்கள். தெருவோடு போங்கள். வாசலில் உட்காருங்கள். ‘அய்யா, சிவில் மேட்டருன்னு நீங்க சொன்னத அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலு வச்சுக் குடுங்க’ என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கிற வரைக்கும் எழுந்திருக்காதீர்கள். 3(1)(எஃப்) இருக்கும்போது சிவில் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற அதிகாரிக்கு அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு இருக்கிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாசத்துக்குக் குறையாத சிறை. பாதிப் பேர் பேனாவை எடுக்க மாட்டார்கள், எப்.ஐ.ஆர். புத்தகத்தை எடுப்பார்கள்.